பன்னிரண்டாவது ஆடு

உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் செத்த என் 12 ஆடுகளுக்கான நிவாரணப் பணம் நேற்று வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. 48,000 ரூபாய். குறுஞ்செய்தியை மகளை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 எப்படிப் போயிற்று என்று தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்பதெல்லாம் மின்சாரம் வந்த பிறகு தெரிந்துகொண்ட கணக்கு. என் கணக்கு வேறு. இரவில் கட்டியது எங்கள் பக்கத்து இனமான கொடியாடு 17. தண்ணீர் வடிந்தபோது உயிரோடு நின்றது 5.

கால்நடை மருத்துவரும் தலையாரியும் செத்ததைக் கணக்கெடுக்க வந்த அன்று 11 உடல்கள்தான் இருந்தன. வெள்ளை உடம்பில் செம்புள்ளி போட்ட செம்போரைச் சினையாடு மட்டும் அகப்படவில்லை. மருத்துவர் கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும்? அவர்மேல் குறை இல்லை. நானும் பதினொன்று என்றே கைநாட்டு வைத்தேன்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் தலையாரி அண்ணாச்சி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேறு முழங்கால் வரை. "தங்கச்சி, உன் ஆடு செம்போரைதானே? வாய்க்கால் கரை உடைமரத்துக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், காலையில் வருவார். அதுவரை புதைத்துவிடாதே" என்றார். யாரும் அவரைத் தேடச் சொல்லவில்லை. நான் அழுததைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். எழுதியதோடு அவர் வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவர் குதிகாலில் முள் ஏறியிருந்தது. சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். வாசல்படியில் உட்கார்ந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நெடுநேரம் கிளறி எடுத்தார். கருப்பட்டிக் காப்பியாவது போடுகிறேன் என்றேன். அடுப்பு இன்னும் ஈரமாக இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, வயிறு சரியில்லை என்றார். பொய்தான்.

அந்த ஓர் ஆட்டுக்கு 4,000 ரூபாய். எட்டயபுரம் சந்தையில் அந்தக் காசுக்கு அதைப்போல் ஒரு சினையாட்டை யாரும் அவிழ்த்துத் தர மாட்டார்கள். அதற்காகப் பணத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. இது வந்ததால்தான் மிச்சமிருக்கும் ஐந்தையும் விற்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் அண்ணாச்சி, நீங்கள் திரும்பி வந்தது 4,000 ரூபாய்க் கணக்கில் சேராது.

படகைக் கொண்டுவந்து எங்களை ஏற்றிய கடற்கரைப் பிள்ளைகள், மாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்கள், தடுப்பூசி போட வந்த கால்நடை மருந்தகத்தார், விண்ணப்பம் எழுதிக் கொடுத்த டீச்சர், தன் பசுவுக்கு 37,500 ரூபாய் வந்ததும் எனக்கு வைக்கோல் வாங்கிப் போட்ட பக்கத்து வீட்டு மதினி, உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுத ஆசைதான்; மகளுக்கு எழுதிக் கை வலிக்கிறதாம்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. செத்ததில் பதினொன்றும் கட்டிய இடத்திலேயே கிடந்தன. செம்போரை ஒன்றுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால் கரை வரை போயிருக்கிறது. நான் போட்ட முடிச்சு. இனி மழை இருட்டும் இரவில் ஆட்டைக் கட்ட மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிக்கொண்டேன். நேற்றும் தூறியது. ஐந்தையும் அவிழ்த்துவிட்டேன், திண்ணையெல்லாம் புழுக்கை, முருங்கைக் கன்று போயே போயிற்று.