ஸ்டெப்னியை ஒரு தடவை இறக்கிப் பாரு, மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேத்து போன்ல, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டிக்குப் பின்னாடி அடியில கடகடன்னு சத்தம் வருதுன்னு சொன்னியே, அது சைலன்ஸர் இல்ல, ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பிடிச்சிருக்கற கேரியர்தான்னு எனக்குப் படுது. நீ ஸ்கூலுக்குக் கிளம்பற அவசரத்துல இருந்ததால விவரமா சொல்ல முடியல. அதான் எழுதறேன்.

நம்ம இன்னோவாவுல ஸ்டெப்னி வண்டிக்கு அடியில சங்கிலியில தொங்குது. பின்பக்கம் இருக்கற ஓட்டை வழியா ஜாக்கி ராடை விட்டு இடப்பக்கமாத் திருப்பினா உள்ளே பல்சக்கரம் சுத்தி சங்கிலியை விடும், டயர் மெதுவா இறங்கும். வலப்பக்கம் திருப்பினா ஏறும். சங்கிலி முனையில ஒரு தகடு இருக்கும். டிஸ்க்கோட, அதாவது டயர் மாட்டியிருக்கற சக்கரத்தோட, நடு ஓட்டைக்குக் கீழே நின்னு முழு பாரத்தையும் தாங்கறது அதுதான். டிஸ்க்கும் டயருமா இருபது கிலோ பக்கம் வரும்.

வண்டி இங்க திண்டுக்கல்ல ஓடின வரைக்கும் அந்தச் சங்கிலிக்கு ஒண்ணும் ஆகல. ராமேஸ்வரம் அப்படியில்ல. நாலு பக்கமும் உப்புக்காத்து. வீட்டுக்கு யார் வந்தாலும் அரிச்சல்முனை வரைக்கும் கூட்டிட்டுப் போறே. 2017-ல திறந்த அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் கடல், காத்தடிச்சா மணல் ரோட்டு மேலயே வந்து கிடக்கும். பின்சக்கரம் வாரி அடிக்கிற ஈர மணல் நேரா கேரியர்லதான் போய் ஒட்டும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும், இரும்பு காயவே காயாது.

இந்த ஞாயித்துக்கிழமை மெக்கானிக் அண்ணன்கிட்ட வண்டியை விட்டு, நீ பக்கத்துல நின்னு இறக்கச் சொல்லு. ராடு திரும்பலன்னா முறுக்க விடாதே. நீளமான பைப்பைச் சொருகி அழுத்தினா உள்ளே பல்லு உடையும். அப்புறம் டயர் இறங்கவும் இறங்காது, ஏறவும் ஏறாது. ஏர் கன் போட்டுச் சுத்தறதும் கூடாது. துரு விடற ஸ்பிரேயை நல்லா அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலையில முன்னும் பின்னுமா கொஞ்சம் கொஞ்சமா அசைச்சா பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். அதுவரைக்கும் டயருக்குக் கீழே கட்டை முட்டுக் கொடுத்திருக்கணும். சங்கிலியை நம்பி யாரும் அடியில படுக்கக் கூடாது, இதை மட்டும் கண்டிப்பா சொல்லிடு.

இறங்கினதும் சங்கிலியை முழுசா வெளியே விட்டு, ஒவ்வொரு கண்ணியா விரல்ல தடவிப் பாரு. மேலாக்க செம்மண் நிறத்துல இருக்கறது பெரிய விஷயமில்ல, வயர் பிரஷ் போட்டா போயிடும். ஒரு கண்ணியும் அடுத்த கண்ணியும் உரசற உள்வளைவுதான் முக்கியம். வெளியே கெட்டியாத் தெரியும். திருப்பிப் பார்த்தா அங்க மட்டும் பாதியா தேஞ்சிருக்கும். நகத்தால சுரண்டும்போது துரு பொருக்கு பொருக்கா உரிஞ்சு வந்தா கேரியரையே மாத்திடணும். வெல்டிங் வெச்சு ஒட்டலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதே. ஓடற வண்டியிலிருந்து அந்த டயர் கழண்டு விழுந்தா பின்னாடி பைக்குல வர்றவன் கதி என்ன ஆகும்?

சங்கிலி நல்லா இருந்தா, தண்ணியில கழுவிக் காயவெச்சு, பைக் செயினுக்கு அடிக்கிற ஸ்பிரேயை லேசா அடிச்சுத் துடைச்சா போதும். கிரீஸை அப்பினா உங்க ஊர் மணல் பூராவும் அதுல உக்காந்துக்கும். வாட்டர் சர்வீஸ்ல அடியில டீசல் அடிக்கட்டுமான்னு கேப்பாங்க. டயர் ரப்பருக்கு ஆகாது, வேண்டாம்னுடு. வெறும் தண்ணியை நல்லா பீச்சி அடிக்கச் சொல்லு.

ஏத்தும்போது, இறக்கினப்போ எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே மாதிரி ஏத்தணும். தகடு நடு ஓட்டையில சரியா உக்காரணும். கோணலா உக்காந்தா முதல்ல இறுக்கமாத் தெரியும், ரெண்டு பள்ளத்துல விழுந்ததும் தளர்ந்துடும். உன் வண்டியில வர்ற சத்தத்துக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும். போன மாசம் பஞ்சர் கடைக்காரர் அவசர அவசரமா மாட்டி அனுப்பினார்னு சொன்னியே. ஏத்தி முடிச்சதும் டயரைக் கையால பிடிச்சு ஆட்டிப் பாரு, கொஞ்சமும் அசையக் கூடாது. காத்தும் மத்த டயரைவிட மூணு நாலு பி.எஸ்.ஐ. கூட இருக்கட்டும், சும்மா இருந்தாலும் இறங்கிட்டேதான் இருக்கும். டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 3218-ன்னு இருந்தா 2018-ஆம் வருஷத்து 32-ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். அதையும் குறிச்சுக்கோ.

உன்கூட வேலை பார்க்கற டீச்சர் வாங்கின புது காருல ஸ்டெப்னியே இல்லைன்னு சொன்னே. டயர்ல காத்து குறைஞ்சா சொல்ற கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தா சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லைன்னு 2020-ல மத்திய அரசு விதியை மாத்திட்டாங்க. ஆனா அந்தக் கிட்டு ஆணி குத்தினதுக்குத்தான் ஆகும். டயர் பக்கவாட்டுல கிழிஞ்சா அதால ஒண்ணும் செய்ய முடியாது. நீ மாசாமாசம் கீழக்கரை, சாயல்குடி வழியா தூத்துக்குடிக்குத் தனியா ஓட்டிட்டுப் போறவ. அந்த ரோட்டுல சில இடத்துல மைல் கணக்குல ஒரு கடையும் கிடையாது. உனக்கு முழு டயர் வேணும், அது கேட்ட நேரத்துல இறங்கியும் வரணும்.

இறக்கும்போது சங்கிலியையும் தகட்டையும் கிட்ட வெச்சு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பு. பார்த்துட்டு, மாத்தணுமா வேண்டாமான்னு நான் மெக்கானிக்கிட்டயே பேசிடறேன். மாத்தணும்னா ஒரிஜினல் பார்ட்டே வாங்கச் சொல்லு, பணம் நான் போட்டு விடறேன்.

அன்புடன்,
அப்பா