பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் தோழர்களுக்கு

அன்புள்ள தோழர்களே,

அரையாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்தி முடித்ததும் ஒரு பட்டியல் போடுவோமே, ‘மெல்லக் கற்போர்’ என்று, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் நானும் போட்டவன்.

அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். என் பட்டியலில் செங்கல் சூளையும் சித்தாள் வேலையுமாகத்தான் இருந்தது. அதே மதிப்பெண் வாங்கிய மளிகைக்கடைக்காரர் மகனை, ‘கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் வந்துவிடுவான்’ என்று விட்டுவிடுவேன். அவன் அப்பா பள்ளிக்கு வந்து பேசுவார். சூளைக்காரர் வந்தால் ஒரு நாள் கூலி போகும். அவர் வராததை அக்கறையின்மை என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டியலில் விழுந்த பிள்ளைக்கு நாம் கொடுப்பது மினிமம் மெட்டீரியல், தேர்ச்சிக்கு மட்டும் போதுமான பாடக்குறிப்பு. ஒரு மதிப்பெண் வினா 14, வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 30. இரண்டு மதிப்பெண் கணக்கு மூன்று போட்டால் 35ஐத் தாண்டிவிடலாம். ஐந்து மதிப்பெண் கணக்குகளுக்கு மட்டும் 50 மதிப்பெண், வினாத்தாளில் சரிபாதி. அந்தப் பாதியை அவன் கண்ணிலேயே காட்டுவதில்லை. ஒரு ஜனவரியில் முக்கோணவியல் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தபோது, “இது எங்களுக்குக் கிடையாதா சார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். “நீ வரைபடத்தைப் போடு” என்றேன்.

ஜூனில் அவனே வந்து பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் கேட்டான், கணக்கும் அறிவியலும் சேர்ந்த பிரிவு. தொழிற்கல்வியில் சேர்த்துவிட்டோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அறிவியல் குரூப்பே கிடைக்காத பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்?

தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள், நானும் நின்றிருக்கிறேன். ஃபெயிலானால் பிள்ளையின் படிப்பே நின்றுபோகும் என்ற பயமும் நியாயமானது. தேர்ச்சிக்கான பயிற்சியை விடச் சொல்லவில்லை. அதோடு வாரம் இரண்டு பாடவேளையாவது அவர்களுக்கு ஐந்து மதிப்பெண் கணக்கை நடத்துங்கள். பலருக்கு இடறுவது ஆறாம் வகுப்புப் பின்னத்தில்தான், அங்கிருந்தே தொடங்குங்கள். குரூப் ஒதுக்கும் நாளில் பெற்றோர் வராவிட்டால் இரவு ஏழு மணிக்குமேல் போனில் கூப்பிடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர்