‘ஜவ்வு தேஞ்சுபோச்சு’ன்னு முடிச்சிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்கம்மா 30 வருஷம் தேயிலை பறிச்சவங்க, முதுகுல பாரத்தோட சரிவுல ஏறி எறங்கி இப்ப ரெண்டு முட்டியும் வீங்கி கெடக்கு, கேட்டா எல்லாரும் ஜவ்வு தேஞ்சுபோச்சு வயசாச்சுல்லன்னு முடிச்சிடுறாங்க. ஆனா இது செருப்பு தேயிற மாதிரி இல்லங்க. மூட்டுல எலும்பு முனைய மூடியிருக்குற அந்த ஜவ்வுக்குள்ள கான்ட்ரோசைட்னு உயிருள்ள செல்லுங்க இருக்கு, மொத்த அளவுல 5 சதவீதத்துக்குள்ளதான், ஆனா ஜவ்வுக்கு பலம் குடுக்குற கொலாஜன்ங்கிற புரத நாரையும் தண்ணிய பிடிச்சு வைக்கிற பொருளையும் அதுங்கதான் உண்டாக்குது. அங்க ரத்தக்குழாய் கெடையாது, நாம நடக்கும்போது ஜவ்வு அமுங்கி விரியுதே, அதுலதான் மூட்டுத் திரவத்துலேருந்து சாப்பாடு உள்ள போகுது (அதனால சுத்தமா நடக்காம உக்காந்துட்டாலும் கெடுதல்தான்). அடிபட்டாலோ பாரம் ரொம்ப ஏறினாலோ அதே செல்லுங்க கொலாஜனை வெட்டுற என்சைமை விட ஆரம்பிச்சிடுது. ஜவ்வுல நரம்பும் இல்ல, அதனால ஆரம்பத்துல வலியே தெரியாது, வலி வர்றப்ப நெறைய போயிருக்கும், எனக்கு அதுதான் தாங்கல. எஸ்டேட் ஆஸ்பத்திரிங்கள்ல 40 வயசுலேயே முட்டிய பாக்கணும், தொடை தசைக்கு பயிற்சி சொல்லித்தர பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒரு நாளாவது வரணும். இதப்பத்தி உங்க பேப்பர்ல எழுதுங்க.

– தேயிலைத் தொழிலாளி ஒருத்தரோட மக, கோத்தகிரி