பெல்ட் கலர் மாறினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் பள்ளி விட்டதும் பிள்ளைகளை டேக்வாண்டோ என்கிற தற்காப்புக் கலை வகுப்புக்கு அனுப்புவது இப்போது அதிகமாகிவிட்டது. என் மகளும் போகிறாள், நல்லதுதான். ஆனால் அடுத்த நிலைக்கான கலர் பெல்ட் கொடுக்கிற டெஸ்ட் நாளில் வாசலில் நிற்கிற பெற்றோர் பேச்சைக் கேட்டால், அடுத்த கலர் எப்போது, சர்டிபிகேட் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகுமா, இவ்வளவுதான்.

கொரியாவில் 1945இல் ஜப்பான் ஆட்சி போன பிறகு பெருகிய பயிற்சிக்கூடங்களில் உருவான கலை இது. டேக்வாண்டோ என்ற பெயர் 1955இல் வந்தது. கராத்தேயின் சாயல் நிறையவே உண்டு, கொரியர்கள் சிலர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு கதை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் இன்னும் கூடுதல், அதனால் பிள்ளைகள் எல்லோரும் காலைத் தூக்குவதிலேயே குறியாக இருக்கிறார்கள்.

பூம்சே என்று ஒன்று இருக்கிறது, எதிராளி இல்லாமல் வரிசை மாறாமல் செய்கிற அசைவுகள். கலர் பெல்ட்டுகளுக்கு உரிய தேகுக் பூம்சே எட்டு, அந்த எட்டுமே தடுப்பில்தான் ஆரம்பிக்கும், ஒன்றுகூட அடியில் ஆரம்பிக்காது. முதல் பூம்சேயில் இடப்பக்கம் திரும்பி, இடக்கையைக் கீழே இறக்கி, வயிற்றுக்கு வருகிற உதையைத் தடுத்து, அப்புறம்தான் ஓரடி முன்வைத்து வலக்கையால் குத்து. இந்தக் கலை எதற்கு என்பது அதிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது போரடிக்கும், நமக்கும்தான். அதனால் பல இடங்களில் ஏனோதானோ என்று முடித்துவிட்டு நேரே கிக்குக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் மழைக்காலத்தில், ஐஸ் மாதிரி இருக்கிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு, வார்ம்அப்பும் சரியாக இல்லாமல். தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிற பிள்ளைகளைப் பார்க்கிறோமே.

பெண்பிள்ளையின் பாதுகாப்புக்கு என்று சேர்க்கிறவர்களுக்கும் ஒன்று. ஈரமான தேயிலைத் தோட்டச் சரிவில் தலைக்கு உதைக்கப் போனால் இவள்தான் வழுக்கி விழுவாள். தள்ளி நிற்க, தொண்டை கிழியக் கத்த, பிடியை உதறிவிட்டு ஓடத் தெரிய வேண்டும். பிடியிலிருந்து விடுபடுவதை விரிவாகச் சொல்லித்தர ஹாப்கிடோ என்று இன்னொரு கொரியக் கலையே இருக்கிறது.

அடுத்த டெஸ்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையை வீட்டு ஹாலில் நிறுத்தி பூம்சேயைச் செய்யச் சொல்லுங்கள். பாதியில் முழித்தால், இந்தத் தடவை வேண்டாம் மாஸ்டர் என்று நாமே சொல்லலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நாம் அவசரப்படுத்துவதால்தான் பாதி மாஸ்டர்கள் அவசரப்படுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், கோத்தகிரி