பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளைகளோடு எங்கே உட்காருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் செல்லூரில் குடியிருப்பவன். டவுன் பஸ்ஸில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றேன். பள்ளிக்கூட லீவு விட்டால் வெளியூர்க் குடும்பங்கள் மதுரையைச் சுற்றிப் பார்க்க வருவதை வருடா வருடம் பஸ்ஸுக்குள் நின்றே பார்த்திருக்கிறேன். காலையில் ஏறும்போது பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். மதியம் திரும்பும்போது சின்னது அழும், பெரியது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பெற்றவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். ஏன் இப்படி ஆகிறது என்பது கடந்த மே மாதம் என் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் எனக்கு விளங்கியது.

திருப்பூரிலிருந்து மகள் மூன்று பிள்ளைகளோடு வந்திருந்தாள். மூத்தவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்தவள். நடுவுள்ளவனுக்கு 13 வயது. கடைக்குட்டிப் பெண்ணுக்கு 6. காலையில் மீனாட்சியம்மன் கோயில், அப்புறம் நாயக்கர் மகால், அப்புறம் காந்தி மியூசியம், சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளம் என்று ஒரே நாளுக்கு நான் திட்டம் போட்டேன். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாரும் குளித்துக் கிளம்பவே பத்து மணியாகிவிட்டது. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. வீட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும், வாசலில் வைத்துச் சொன்னேன். மூத்தவள் முகம் வாடிவிட்டது. போனைக் கொடுக்க ஒரு வரிசை, செருப்பு விட ஒரு வரிசை, தரிசனத்துக்கு ஒரு வரிசை. அம்மனைப் பார்த்துவிட்டுப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து கால் நீட்டுவதற்குள் நடை சாத்தும் நேரம். மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

வெளியே வந்தால் தரையில் கால் வைக்க முடியவில்லை. கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டேன். சாப்பிடப் போன இடத்தில் எங்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த குடும்பம் நின்றது, அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டோம். அந்த நேரத்தில் மூத்தவள் அம்மா காதில் ஏதோ சொன்னாள். கழிப்பறை தேடினோம். ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் தண்ணீர் இல்லை. வளர்ந்த பெண்பிள்ளை நடுத்தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு வளையல் கடை அம்மா பார்த்துவிட்டு, "இங்கே வா தாயி" என்று தன் வீட்டு மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மகாலும் பார்க்கவில்லை, மியூசியமும் பார்க்கவில்லை. இரண்டரைக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டோம்.

ராத்திரி மொட்டைமாடியில் மூத்தவள்தான் சொன்னாள்: "தாத்தா, எங்களுக்கு என்ன பிடிக்கும்னு யாருமே கேக்கலையே." கேட்டேன். அவளுக்குக் கூட்டமில்லாத இடத்தில் போட்டோ எடுக்க வேண்டும். நடுவுள்ளவனுக்கு ஏற வேண்டும், ஓட வேண்டும். கடைக்குட்டிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். கோயிலும் வேண்டும், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது என்றார்கள். மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்த இடம் மதுரையை ஒட்டி, சமணர் மலையடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடி.

இந்தத் தடவை திட்டத்தை வேறு மாதிரி போட்டேன். பஸ்ஸுக்கு டைம் போடும்போது ஓடுகிற நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எங்கே நிற்பது, எத்தனை நிமிடம், டிரைவர் கண்டக்டர் எங்கே சாப்பிடுவது என்பதையும் சேர்த்துத்தான் போடுவார்கள். அதுபோல, மதியம் பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை நிழலில் எங்கே இருப்போம் என்பதை முதலில் முடிவு செய்தேன். காலையையும் சாயங்காலத்தையும் அதற்கு இரண்டு பக்கமும் வைத்தேன்.

ஒரு நாள் விட்டு மறுநாள் விடியுமுன்னே கிளம்பிவிட்டோம். இவர்களின் அம்மாச்சி இட்லிக்குப் பொடி தடவி இலையில் கட்டிக் கொடுத்திருந்தாள். கீழக்குயில்குடியில் இறங்கும்போது தாமரைக்குளத்தில் அப்போதுதான் வெயில் பட்டது. கடைக்குட்டி குளக்கரையை விட்டு வரவே இல்லை. அவளோடு ஆலமரத்தடியில் நான் உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்கள் சமணர் மலையில் ஏறினார்கள். பாறையில் வெட்டிய படியில் நடுவுள்ளவன் இரண்டிரண்டாகத் தாவி ஏறியது கீழேயிருந்தே தெரிந்தது. மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும், அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும் இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முந்தையவை. மூத்தவள் அந்த எழுத்தை மட்டும் நிறைய போட்டோ எடுத்து வந்து, "தமிழ்தான்னு அம்மா சொல்றாங்க, ஆனா ஒரு எழுத்துகூடப் படிக்க முடியலையே தாத்தா" என்று என்னிடம் காட்டினாள். எனக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆனால் இரண்டு நாளாக அதிகம் பேசாமலிருந்த பிள்ளை, திரும்பி வரும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. செட்டிப்புடவுக் குகையையும் பார்த்துவிட்டு, பாறை சுடுவதற்குள் புறப்பட்டுவிட்டோம்.

மதியத்துக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் புது நத்தம் ரோட்டிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலை 15-இல் திறந்தது. கடைக்குட்டி குழந்தைகள் பகுதியில் படப் புத்தகங்களோடு உட்கார்ந்துவிட்டாள். பெரிய பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். சாப்பிட மட்டும் வெளியே வந்து போனோம். குளிர்ந்த இடம், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை. "எழுந்திருங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. பதின்மூன்று, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டாரை விட்டுக் கொஞ்ச நேரம் தனியாக இருக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதை அங்கே கண்டுகொண்டேன்.

மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவி, போன்களை அலமாரியில் வைத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கோயிலுக்குப் போனோம். கல் குளிர்ந்திருந்தது. விளக்குப் போடும்வரை பொற்றாமரைக் குளத்துப் படியிலேயே இருந்தோம். பிறகு விளக்குத்தூண் பக்கம் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. மகாலையும் காந்தி மியூசியத்தையும் அந்தத் தடவை விட்டுவிட்டோம். அதில் யாருக்கும் குறையில்லை. ஊருக்குத் திரும்பும் முன் ஒரு காலைப்பொழுது கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய் வந்தோம். பானை ஓட்டில் கீறியிருந்த 'ஆதன்' என்ற பெயரையும், பாண்டி விளையாடுகிற சில்லு போலவே இருந்த வட்டச் சில்லுகளையும் பற்றிப் பிள்ளைகள் இன்னும் போனில் கேட்கிறார்கள்.

எனக்கு வீடு மதுரையிலேயே இருந்ததால் மதியத்தைச் சமாளித்தேன். பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற குடும்பம் என்ன செய்யும்? ஆகவே பொறுப்பில் உள்ளவர்களை மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மதிய வேளையில் உட்கார நிழலும், திறந்திருக்கிற, தண்ணீருள்ள கழிப்பறையும் வேண்டும். பெண்பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முதல் தேவை இதுதான். அடுத்து, பார்க்கிற இடங்கள் ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும், வாரத்தில் எந்தக் கிழமை விடுமுறை என்பதைப் பெரியார் பஸ் நிலையத்திலும் மாட்டுத்தாவணியிலும் ரயில் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கோயிலில் போன் கிடையாது என்பதும் அதில் இருக்கட்டும்.

மூன்றாவது நான் அறிந்த தொழில். லீவு நாட்களில் விடியற்காலை பெரியாரிலிருந்து கீழக்குயில்குடிக்கு ஒரு நடை, பத்து மணிக்கு அங்கிருந்து நூலகத்துக்கு, மூன்றரைக்கு நூலகத்திலிருந்து கோயில் பக்கம். ஒரே வண்டியை வைத்து இதை ஓட்டலாம். சாதாரண டவுன் பஸ்ஸாகவே விட்டால் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அன்றைக்கு என் மகளும் பேத்திகள் இருவரும் டவுன் பஸ்ஸில் ஏறிய இடத்திலெல்லாம் காசில்லாமல்தான் பயணம் செய்தார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் மூன்று பேருக்கு டிக்கெட் மிச்சம் என்றால் அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது ஆகும்.

காலாண்டு லீவுக்கு வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். நடுவுள்ளவன் யானைமலைக்குப் போக வேண்டும் என்கிறான். மூத்தவள் மகாலைக் கேட்கிறாள். கடைக்குட்டிக்குத் தெப்பக்குளம். அன்றைக்கு மதியம் எங்கே இருப்பது என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர்,
செல்லூர், மதுரை.