ஆறு நின்ற ஊருக்கு அப்பால்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடி கோயில் வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. பேத்தி பத்தாம் வகுப்பா! தொட்டிலில் பார்த்த முகம்தான் எனக்கு இன்னும் ஞாபகம்.

மொராக்கோ பாலைவனத்தில் ஒட்டகச் சவாரி எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறாய். சவாரி என்று சொல்ல அதிகம் இல்லையடி. நாங்கள் நடந்தோம். தண்ணீர்க் கேன், மாவு, வெங்காயம், கூடாரம், போர்வை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒட்டகங்கள் கூடவே வந்தன. கால் ஓய்ந்தால் மட்டும் கொஞ்ச தூரம் ஏறிக்கொள்ளலாம். எனக்கு நடப்பதுதான் பிடித்தது. ஒட்டகம் நம் நடைக்கு ஒத்த வேகத்தில்தான் போகிறது. மணலில் அதன் பாதம் விரிந்து பதியும்போது சத்தமே வராது.

மராக்கேஷிலிருந்து அட்லஸ் மலையைத் தாண்டி, வார்ஸாஸாத் வழியாக ட்ரா பள்ளத்தாக்கில் இறங்கினோம். இரண்டு பக்கமும் பேரீச்சந்தோப்பும் மண்கோட்டைகளுமாக வழி நெடுகப் பசுமை. ஸகோரா ஊரில் ‘திம்புக்டு 52 நாள்’ என்று ஒரு பலகை இருக்கிறது. மாலி நாட்டில் இருக்கும் திம்புக்டு நகரத்துக்கு ஒட்டகத்தில் போனால் ஆகும் நாள்கணக்கு அது. அதையும் தாண்டி எம்ஹமித் என்ற ஊரில் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது.

ட்ரா தான் மொராக்கோவின் மிக நீளமான ஆறு, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். 1972இல் வார்ஸாஸாத் பக்கத்தில் அணை கட்டினார்கள். அதற்குப் பிறகு எம்ஹமித்துக்குத் தண்ணீர் வருவது அணையைத் திறந்தால்தான், அதுவும் எல்லா ஆண்டும் இல்லை. கடைமடைக்காரியான உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஊர் ஓரத்தில் ஆற்றுப் படுகையைக் குறுக்கே நடந்து கடந்தோம். செருப்பு கூட நனையவில்லை.

எங்கள் வழிகாட்டி அரீப் என்னும் நாடோடிக் குலத்தவர். அவர்கள் பேசுவது ஹஸ்ஸானியா என்னும் அரபு. எங்களிடம் பிரெஞ்சில் சொல்வார், கூட வந்த என் மகள் எனக்குத் தமிழில் சொல்வாள். அவர் பிறந்தது கூடாரத்தில். அப்பா ஒட்டகமும் ஆடும் மேய்த்தவர். எந்தத் திசையில் மழை பெய்ததாகச் சேதி வருகிறதோ, குடும்பம் அந்தப் பக்கம் நகரும். 1975க்குப் பிறகு மேற்கு சஹாரா சண்டை, 1994லிருந்து அல்ஜீரிய எல்லை மூடல், நடுவே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கொடிய வறட்சி. மந்தைகள் அழிந்து, குடும்பங்கள் ஒவ்வொன்றாக எம்ஹமித்தில் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டன. மேகம் எங்கே போனாலும் பின்னால் போக இப்போது வழியில்லை என்றார். நாடோடிகள் மனம் போன போக்கில் அலைகிறவர்கள் என்று நாம் சும்மா நினைத்துக்கொள்கிறோம். கிணறு எங்கே, எந்த மாதம் எந்தச் செடி தழைக்கும், எந்தக் குலத்துக்கு எங்கே மேய்ச்சல் உரிமை என்று கணக்கு பார்த்து வாழ்ந்த வாழ்க்கை அது.

பாலைவனம் என்றால் மணல்மேடுதான் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் கருங்கல் சில்லுகள் பரவிய வெட்டவெளியும் வெடித்த களிமண் தரையும்தான். நடுநடுவே வேலமரம், சவுக்கு போல இலைவிடும் தமரிஸ்க் புதர். ஓர் இடத்தில் எருக்கைப் பார்த்து நின்றுவிட்டேன்! அதே வெள்ளைப் பால், அதே பஞ்சுக்காய். பேய்க்குமட்டிக் கொடியும் மணலில் படர்ந்து கிடந்தது. ஒட்டகம் இரண்டையும் மோந்துவிட்டு விலகிப் போனது.

காலையில் முதல் வேலை ஒட்டகம் தேடுவது. இராத்திரி முன்னங்கால் இரண்டுக்கும் தளை போட்டு மேய விடுகிறார்கள். தளையோடு தத்தித் தத்தியே வெகுதூரம் போய்விடுகின்றன. வழிகாட்டியின் மருமகன் பையன் தடம் பார்த்துப் போய் ஓட்டிவருவான். எந்தத் தடம் எந்த ஒட்டகத்துடையது என்று அவனுக்குத் தெரிகிறது. மண்டியிட வைத்துச் சுமை ஏற்றும்போது அவை போடுகிற கத்தலை நீ கேட்கவேண்டும். ஏற்றி முடித்ததும் சாதுவாகிவிடும். சுமை இருபுறமும் சமமாக இல்லாவிட்டால் திமிலடியில் புண்ணாகிவிடுமாம். அதனால் ஒவ்வொரு முடிச்சையும் அவரே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

ரொட்டியைச் சொல்லாமல் விடமாட்டேன். மாவைத் தட்டையாகத் தட்டி, நெருப்பு எரிந்த இடத்தில் கங்குகளை ஒதுக்கி, சுட்ட மணலுக்குள் புதைத்து, மேலே கங்குகளைப் பரப்புகிறார்கள். பாதியில் எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். வெந்ததும் எடுத்துத் தட்டித் துடைத்தால் ஒரு மணல் துகள்கூடப் பல்லில் கடிபடாது. சாயங்காலம் தேநீர்: சீனாவிலிருந்து வரும் பச்சைத் தேயிலை, சர்க்கரைக் கட்டி, இருந்தால் புதினா. உயரத்திலிருந்து ஊற்றி, மறுபடி கெட்டிலிலேயே கொட்டி, நுரை வந்தபிறகே கொடுப்பார்கள். மூன்று சுற்று. மூன்றாவது கிளாஸ் குடிக்காமல் எழுந்திருப்பது மரியாதை இல்லை.

ஒரு கிணற்றில் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். டயர் ரப்பரில் செய்த வாளி, கயிறு, மேலே ஆள் மாற்றி ஆள் இறைப்பு. தாகமெடுத்த ஒட்டகம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடிக்குமாம். வெயிலில் உடம்பின் சூட்டை 40 டிகிரிக்கு மேல் ஏற விட்டு, இரவில் இறக்கிக்கொள்கிறது. அதனால்தான் வியர்த்துத் தண்ணீரை வீணாக்குவதில்லை. திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. நம் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் என்றே சொல்லித் தந்தார்கள், நினைவிருக்கிறதா?

எர்க் ஷெகாகா என்ற பெரிய மணல்மேடுகளைக் கடந்து மேற்கே போனால் இரிக்கி என்ற ஏரித் தரை. ஐம்பது ஆண்டாக வறண்டு கிடந்தது. 2024 செப்டம்பரில் பெய்த மழையில் பக்கத்துத் தகூனித் ஊரில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, ஏரி நிரம்பி, செயற்கைக்கோள் படத்தில் நீலமாகத் தெரிந்தது. அந்த வெள்ளத்தில் மொராக்கோவில் உயிர்களும் போயின. ஆனால் அதைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் மாறிவிட்டது. அவருடைய சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லிக்கொண்டே இருந்த தண்ணீராம்.

ஜீப்பில் போனால் ஷெகாகாவுக்கு ஓரிரண்டு மணி நேரம்தான். அங்கே மெத்தைக்கட்டில் போட்ட முகாம்கள் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் நடக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஜீப் ஓடுகிற ஊரில் ஒட்டகத்துக்கு வேலை இல்லை; வேலை இல்லாத ஒட்டகத்தை யாரும் வைத்துத் தீனி போடமாட்டார்கள். மருமகன் பையன் தடம் பார்க்கக் கற்றதும் இந்த நடைப் பயணங்களால்தான். விருந்தாளிக்காக நடத்தப்படும் நாடோடி வாழ்க்கை முழுசானது இல்லை, எனக்கும் அது உறுத்தியது. ஆனாலும் கிணறும் வழியும் மறந்துபோகாமல் இருக்க இப்போதைக்கு இந்தக் கூலிதான் மிச்சம்.

அடுத்த குளிர்காலத்தில் நீயும் வாயேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். பகலில் இதமான வெயில், இரவில் நடுங்கும் குளிர், அதனால் கம்பளிக் குல்லாய் கட்டாயம். உனக்கு நடை முடியாதபோது ஒட்டகம் இருக்கிறது. அது எழுந்திருக்கும்போது முன்னும் பின்னும் ஒரு குலுக்கு குலுக்கும், அதை உன் முழங்கால் தாங்குமா என்று டாக்டரைக் கேட்டு எழுது. பாஸ்போர்ட் தேதியையும் பார்த்துவிடு, விசாவும் எடுக்கவேண்டும். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பழைய தோழி