ஷிப்ட் பட்டியலில் எழுதப்படாத தூக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊழியர்களின் தூக்கப் பழக்கம் ஒரு நிறுவனத்தின் வெற்றியைப் பாதிக்குமா என்று தங்கள் இதழ் எழுப்பியிருந்த கேள்வியைப் படித்தேன். பாதிக்கும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. எனக்கு வருத்தமெல்லாம் 'பழக்கம்' என்ற சொல்லைப் பற்றித்தான். மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் பிரிவில் பதினேழு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து, வாராவாரம் ஷிப்ட் பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியவன் நான். அந்த ஊழியர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதை அவர்களுடைய பழக்கத்தைவிட அதிகமாகத் தீர்மானித்தது என் பட்டியல்தான் என்பதை மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

ஒரு மாதக் கடைசியில் ஆள் பற்றாக்குறை காரணமாக, இரவு பத்து மணிக்கு இரண்டாம் ஷிப்ட் முடித்துச் செல்லும் ஓர் ஆபரேட்டரை மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டிலும் போட்டேன். இடையில் எட்டு மணி நேரம் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம், சாப்பிட்டுப் படுக்கவும் எழுந்து குளிக்கவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று கழித்தால் தூங்குவதற்கு ஐந்து மணி நேரம்கூட மிஞ்சாது என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் மூன்று முறை அவருக்கு அப்படி அமைந்தது. மூன்றாம் முறை, பெட்டியில் அச்சாகும் பேட்ச் எண்ணை, அதாவது மருந்துத் தொகுதியின் எண்ணை, மாற்றியவர் காலாவதி மாதத்தை மாற்றாமல் முந்தைய பேட்ச்சில் இருந்தபடியே விட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டினார். முதல் பெட்டியைச் சரிபார்த்து ஒப்பமிட வேண்டியவரும் ஒப்பமிட்டுவிட்டார். அந்த வாரம் அவருக்கும் அதே வேலை நேரம்தான். நண்பகலில் வேறொருவர் கண்ணில் பட்ட பிறகே தவறு தெரிந்தது. அதுவரை அச்சான பெட்டிகளை எல்லாம் பிரித்து, மருந்தை வெளியே எடுத்து, மறுபடி பேக் செய்தோம். விசாரணை அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒரே சொல் எழுதப்பட்டது. ஆபரேட்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்டவன் நான். ஷிப்ட் பட்டியலை எடுத்துவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைப் பின்னர் படித்தபோது அந்த ஆபரேட்டரின் முகம்தான் என் நினைவுக்கு வந்தது. தொடர்ந்து இரண்டு வாரங்கள் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ மட்டுமே தூங்க விடப்பட்டவர்களின் கவனமும் நினைவுத் திறனும், ஒன்றிரண்டு இரவுகள் கண்ணே மூடாமல் இருந்தவர்களுடைய நிலைக்கு இறங்கிவிட்டிருந்தன. அதைவிட முக்கியமானது, தங்களுக்குப் பெரிதாகத் தூக்கக் கலக்கம் இல்லை என்றே அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது. தூக்கம் கெட்டவரிடம் "வேலை பார்க்க முடியுமா?" என்று கேட்டு, அவர் "முடியும் சார்" என்று சொல்வதை நம்பி ஓவர்டைம் கொடுப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது இதிலிருந்தே தெரியும். நானும் அப்படித்தான் கேட்டேன். அவரும் மனதார அப்படித்தான் பதில் சொன்னார்.

நைட் ஷிப்டில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறேன். மருந்து உறைகளைச் சூட்டால் ஒட்டி மூடும் சீலிங் இயந்திரத்தின் வெப்பநிலையை மணிக்கொரு முறை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரவு ஒரு மணி வரையிலான எண்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில், ஒவ்வொரு அழுத்தத்தில் இருக்கும். மூன்று, நான்கு, ஐந்து மணிக்கான கட்டங்களிலோ ஒரே எண், ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஐந்தரை மணிக்கு ஒரே மூச்சில் நிரப்பப்பட்டவை அவை என்பது பதிவேட்டைப் புரட்டிய எவருக்கும் தெரியும். இதைச் சோம்பல் என்று நான் நீண்ட காலம் திட்டியிருக்கிறேன். விடியலுக்கு முந்தைய அந்த நேரத்தில்தான் மனித உடலின் வெப்பம் மிகவும் குறைந்து, விழிப்பும் அடிமட்டத்துக்கு இறங்குகிறது என்பதும், அதை நடத்துகிற, உடலின் உயிரணுக்களுக்குள் ஓடும் கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தன. வைராக்கியத்தால் அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிட முடியாது.

நிறுவனங்களுக்கு இதனால் ஆகும் செலவுக்கும் மதிப்பீடுகள் உண்டு. ராண்ட் என்ற ஆய்வு அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2016இல் வெளியிட்ட கணிப்பின்படி, போதிய தூக்கமின்மையால் அமெரிக்கா ஆண்டுக்கு 411 பில்லியன் டாலர் வரையும், ஜப்பான் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.92 சதவீதம் வரையும் இழக்கின்றன. ஆனால் இந்தப் பெரிய தொகைகளைவிட என் மனதில் தங்கியது ஒரு விபத்து அறிக்கை. 1989 மார்ச் 24 நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவில் பாறைத்திட்டில் மோதி, சுமார் நான்கு கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கப்பலைச் செலுத்திக்கொண்டிருந்த அதிகாரியின் களைப்பையும் வேலைச்சுமையையும் காரணமாகச் சொன்ன விசாரணை வாரியம் அத்துடன் நிற்கவில்லை. போதிய எண்ணிக்கையில், போதிய அளவு ஓய்வெடுத்திருந்த ஊழியர்களை நிறுவனம் கப்பலில் வைக்கவில்லை என்பதையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது. நாங்கள் எழுதாமல் விட்ட வரி அதுதான்.

நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அவர்களுக்கு அறிவுரை தேவைதான். ஏட்னா என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம், ஏழு மணி நேரம் தூங்கும் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 300 டாலர் வரை ஊக்கத்தொகைகூட அறிவித்தது. நல்ல எண்ணத்தில் செய்த காரியம். ஆனால் ஐந்து மணி நேரமே கையில் மிஞ்சும் ஒருவர் எந்த ஊக்கத்தொகைக்காகவும் ஏழு மணி நேரம் தூங்கிவிட முடியாது. இரவு பதினொரு மணிக்கு மேலாளரிடமிருந்து வரும் செய்திக்குப் பதில் எழுதக் காத்திருக்கும் அலுவலக ஊழியரின் நிலையும் அதுதான்.

இரவு வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையும் மின்நிலையமும் இரவில் மூடிக்கிடக்க முடியாது. ஆனால் இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது மனிதர் எடுக்கும் முடிவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேரச் சட்டம் ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், நீண்ட ஷிப்டுகள் குறைக்கப்பட்ட முறையோடு ஒப்பிட்டால், பழைய முறையில் பணியாற்றிய பயிற்சி மருத்துவர்கள் 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகளைச் செய்தார்கள். மாறியது வேலை நேர அட்டவணைதான்.

ஆகவே தங்கள் இதழ் இந்தக் கேள்வியை ஊழியர்களிடம் கேட்பதோடு, பட்டியல் எழுதுகிறவர்களிடமும் முதலாளிகளிடமும் கேட்க வேண்டுமென்று விரும்புகிறேன். ஒவ்வொரு தவறு குறித்த அறிக்கையிலும், சம்பந்தப்பட்டவர் முந்தைய ஷிப்டை முடித்து எத்தனை மணி நேரம் கழித்து வேலைக்கு வந்தார், அது அவருக்குத் தொடர்ந்து எத்தனையாவது இரவு என்ற இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் எந்தப் பெயருக்கு எதிரேயும் இரவு பத்து மணியையும் மறுநாள் காலை ஆறு மணியையும் சேர்த்து எழுதவில்லை. அந்த ஆபரேட்டரின் கோப்பிலிருந்து எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துவிடும்படி நிர்வாகத்துக்கு இருமுறை எழுதினேன். நான் வெளியேறிய நாள்வரை அது அங்கேயே இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர்